கோடைக்கும் மாரிக்கும் ஒரு நீர்வர்ணத் தட்டு

இருபத்து நான்கு நிறப் பெட்டியோடு இரணைமடுக் குளக்கட்டில் போய் இருந்தால், எதைத் தொடுவது என்று யோசிப்பதற்குள் வெயிலேறிவிடும். தொடங்குவோருக்கு ஒரு பருவத்துக்கு ஆறு ரியூப் போதும். நான்கு தட்டிலேயே இருக்கட்டும், இரண்டு மட்டும் பருவத்தோடு மாறட்டும்.

முதலில் அந்த நான்கு: எலுமிச்சை மஞ்சள், செம்மஞ்சள் சாயலுள்ள சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், பேர்ன்ட் சியன்னா என்ற செம்மண்ணிறம். வாங்கும்போது ரியூபில் உள்ள சிறிய எழுத்தைப் பாருங்கள். அல்ட்ராமரினில் ‘பிபி 29’ என்ற ஒரே நிறமிக் குறியீடு இருக்க வேண்டும். மூன்று நான்கு நிறமி சேர்ந்த ரியூப், இன்னொன்றோடு கலந்ததும் சேறாகிவிடும்.

பேர்ன்ட் சியன்னாவை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தண்ணீர் விட்டு இழுத்தால் அதுதான் நம் கிறவல் ஒழுங்கை. அல்ட்ராமரினோடு கலந்து நீலத்தைக் கூட்டினால் மழை மேகம். மண்ணிறத்தைக் கூட்டினால் பனையின் அடிமரம். கறுப்பு வாங்கவே தேவையில்லை.

கோடைக்கு யெலோ ஓக்கர் என்ற மண்மஞ்சளும் செருலியன் நீலமும் சேருங்கள். வற்றிய அலைகரை, காய்ந்த புல், வெளிறிய வானம் எல்லாம் அதில் வந்துவிடும். மாரி பிறந்ததும் அவற்றை எடுத்துவிட்டுத் தலோ பச்சையும் ரோஸும் வையுங்கள். ரோஸ் தாமரைக்கு. தலோ பச்சையைத் தனியே பூசாதீர்கள், பிளாஸ்டிக் மாதிரித் தெரியும். மஞ்சளில் ஒரு துளி விட்டால் காலபோகத்தின் இளம்பயிர். பேர்ன்ட் சியன்னாவோடு சேர்த்தால் பாலையும் வீரையும் நிற்கிற காடு.

சரி, அடுக்குவோம். மஞ்சளை ஒரு மூலையில் வைத்து, பக்கத்துக் குழியை வெறுமையாக விடுங்கள். நீலம் தோய்ந்த தூரிகை ஒருமுறை பட்டாலே மஞ்சள் பச்சையாகிவிடும். அப்புறம் சிவப்பு, மண்ணிறம், நீலம், கடைசியில் பச்சை. குழியின் மூலை வரை பிதுக்கி, ஈர்க்கால் கிளறி, நிழலில் ஓரிரு நாள் காயவிடுங்கள். மாரியில் ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும்.

காய்ந்தபின் அல்ட்ராமரினும் தலோ பச்சையும் கறுப்பாகவே தெரியும். அதனால் ஒவ்வொன்றையும் அதே வரிசையில் ஒரு கடதாசித் துண்டில் தீட்டி, மூடியின் உட்புறம் ஒட்டுங்கள்.

இனி ஒரு கார்த்திகைப்பூ. இதழ் முழுக்க மஞ்சள் பூசி, ஈரம் மினுங்கும்போதே நுனியில் சிவப்பைத் தொடுங்கள். அது தானாகவே கீழே இறங்கும். அடியை எட்டுமுன் தூரிகையைத் துடைத்து ஒற்றி எடுங்கள்.