பொழுதுபோக்கைக் கல்லூரி விண்ணப்பத்தில் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

நம்மூர் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப்தான் பேசும். விளையாட்டு ஒதுக்கீட்டை விட்டால், ஓய்வு நேரத்தில் என்ன செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் ‘காமன் ஆப்’ தளம் வழியாக அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தால் கேட்கிறார்கள். பழக்கமில்லாத கேள்வி, அதனால் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

செயல்பாடுகளுக்கு அதில் 10 இடம் உண்டு. பத்தையும் நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் பிளஸ் டூ தொடங்கியதும் அவசரமாக ஒரு சேவை அமைப்பை ஆரம்பித்துத் தலைவர் என்று போட்டுக்கொள்வார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து விடாமல் பறவை பார்த்து வந்ததை, ‘இதெல்லாம் ஒரு சாதனையா’ என்று விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால், அந்த நான்கு வருடத்துக்குத்தான் எடை அதிகம்.

விவரிக்கக் கிடைப்பது இடைவெளியும் சேர்த்து 150 எழுத்துக்குறிகள். அதில் போய் ‘இயற்கை மீது தீராத ஆர்வம், பொறுமை, தலைமைப்பண்பு’ என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். ‘வாரந்தோறும் பள்ளிக்கரணையில் பறவைக் கணக்கு, இ-பேர்டு தளத்தில் பதிவு; பொங்கல் கணக்கெடுப்புக்கு ஜூனியர்களைத் தயார்ப்படுத்தல்’ என்றால் ஓர் ஆள் கண்ணுக்குத் தெரிகிறார். பொறுமைசாலி என்று அவர் தனியாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூட்டிப் போட்டுவிட்டு, மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். பள்ளி, டியூஷன், தூக்கம் போக வாரத்தின் 168 மணியில் என்ன மிஞ்சும் என்பது படிப்பவருக்கும் தெரியும்.

இன்னொன்று, வீட்டு வேலையை மறைப்பது. மாலையில் அப்பாவின் மளிகைக் கடையில் கணக்கு எழுதுவதையும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதையும் எழுதக் கூச்சப்படுகிறார்கள். குடும்பப் பொறுப்பு என்றே அந்தப் படிவத்தில் ஒரு வகை இருக்கிறது! சம்பளத்துக்குப் பார்த்த வேலைக்கும் தனி வகை உண்டு.

அப்புறம், அமெரிக்காவுக்கு எழுதியதை அப்படியே பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான ‘யூகாஸ்’ படிவத்தில் ஒட்டாதீர்கள். 2026 சேர்க்கையிலிருந்து அங்கே 3 கேள்விகள், மொத்தம் 4,000 எழுத்துக்குறிகள். அங்கே பேச்சு பெரும்பாலும் எடுக்கப்போகும் பாடத்தைப் பற்றித்தான். விலங்கியலுக்குப் பறவை பார்ப்பது நேராகப் பொருந்தும். கணினி அறிவியலுக்கு என்றால், சேர்த்த பறவைப் பட்டியல்களை மாதவாரியாகப் பிரிக்க ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தால் அதைச் சொல்லலாம். அப்படி எதுவும் செய்யவில்லையா, சரி, ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டு பாடத்துக்குப் போய்விடுங்கள்.