கல்யாண நாளுக்கு ஊட்டி மலை ரயில்: முதல்முறை போகிறவர்களுக்கு

கல்யாண நாள் என்றால் காலையில் கோயில், இரவு ஹோட்டல் சாப்பாடு என்று முடித்துவிடுகிறவரா நீங்கள்? இந்த வருடம் மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறுங்கள். ஊட்டிக்கு 46 கிலோமீட்டர்தான், ஆனால் போய்ச்சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பேருந்து இதைவிடச் சீக்கிரம் போய்விடும்தான், ஆனால் இருவரும் வேறு வேலையே இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த ஐந்து மணி நேரத்துக்காகத்தானே போகிறோம்.

1. தேதியைப் பிடித்துத் தொங்காதீர்கள்

முதலில் ரயில், பிறகுதான் நாள். தை மாதம் கல்யாணமானவர்கள் கொடுத்துவைத்தவர்கள், வானம் தெளிவாக இருக்கும், குளிரும் இருக்கும். வைகாசி ஜோடிகளுக்குக் கோடை விடுமுறைக் கூட்டம். ஐப்பசி, கார்த்திகை என்றால்தான் சிக்கல், வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்து ரயிலை நாள்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். அந்த மாதக்காரர்கள் இரண்டு மாதம் தள்ளிக் கொண்டாடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

2. டிக்கெட்

ஐஆர்சிடிசி தளத்தில் 60 நாட்களுக்கு முன்பு முன்பதிவு திறக்கும், காலை 8 மணிக்கு. ஏறும் இடம் மேட்டுப்பாளையம், இறங்கும் இடத்தில் ஊட்டி என்று தேடாமல் உதகமண்டலம் என்று தேடுங்கள். இருவருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள், தனித்தனியாகப் போட்டால் கல்யாண நாளன்று ஆளுக்கொரு மூலையில் உட்கார வேண்டியிருக்கும். கடைசிவரை காத்திருப்புப் பட்டியலிலேயே இருக்கும் இணைய டிக்கெட் தானாக ரத்தாகிவிடும், அதனால் அதை நம்பி அறை போடாதீர்கள்.

கிடைக்கவே இல்லையா? சரி, குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் ஏறலாம். தேயிலைச் சரிவுகளும் கேத்தி பள்ளத்தாக்கும் கிடைக்கும், நீராவி என்ஜின்தான் கிடைக்காது.

3. மேட்டுப்பாளையம் போவது

ரயில் காலை 7.10-க்கு. சென்னைக்காரர்களுக்குக் கவலையில்லை, இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடிகாலையில் மேட்டுப்பாளையம். கோவையிலிருந்து போகிறவர்கள் விடியுமுன் பேருந்தையோ டாக்சியையோ பிடிக்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் முந்தைய இரவே அங்கே தங்கிவிடுங்கள்.

4. பையில் என்ன

பெட்டியில் கழிப்பறை கிடையாது, ஏறுமுன் ஸ்டேஷனிலேயே போய்விட்டு வாருங்கள். ஸ்வெட்டரைப் பெரிய பெட்டிக்குள் அமுக்காமல் கைப்பையில் வையுங்கள், ஏறும்போது வியர்க்கும், குன்னூர் தாண்டினால் தேடுவீர்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எவர்சில்வர் பாட்டில் போதும். காலைச் சாப்பாட்டுக்கு வாழையிலையில் கட்டிய இட்லி, கொஞ்சம் மல்லிகைப்பூ. கேக் வெட்டும் ஆசை இருந்தால் ஊட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், ரயிலில் மெழுகுவத்தி கொளுத்தவே கூடாது, எதிர் சீட்டுக்காரரின் முழங்கால் உங்கள் முழங்காலில் இடிக்கும் பெட்டியில் கேக்கை எங்கே வைப்பது? ஒரு டப்பா மைசூர்பாகு கொண்டுபோங்கள். எதிரே இருப்பவருக்கு நீட்டி "இன்னைக்கு எங்க கல்யாண நாள்" என்று சொன்னால் போதும், படம் எடுத்துக்கொடுக்க ஆள் கிடைத்துவிடும்.

5. ரயிலில் எதைக் கவனிப்பது

முதலில் பாக்குத் தோப்புகள், அப்புறம் கல்லாறு. இங்கேதான் வேடிக்கை ஆரம்பம், தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரட்டை இரும்புப் பட்டை வரும், என்ஜினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வித்தான் மேலே ஏறும், ஏனென்றால் 12 அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றம் இது, வெறும் சக்கரம் வழுக்கிவிடும். என்ஜின் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது, அதனால் முன்பெட்டிக்காரர்களுக்குப் பாதையே கண்ணெதிரே தெரியும். பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிக்க ஓர் ஆள் நிற்பார், கொடியசைத்து ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொள்வார்கள். 1899-ல் குன்னூர் வரைக்கும் 1908-ல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை, 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனது.

ஜன்னல் எந்தப் பக்கம் என்று சண்டை வேண்டாம், 208 வளைவு இருக்கிறது, பாதி வழியில் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். சுரங்கம் 16. ஒவ்வொன்றிலும் நுழைந்ததும் பெட்டியே 'ஓ'வென்று கத்தும், கூச்சப்படாமல் நீங்களும் கத்துங்கள். என்ஜின் தண்ணீர் குடிக்க வழியிலுள்ள ஹில்குரோவ் ஸ்டேஷனில் நிற்கும்போது இறங்கிக் காலை நீட்டி ஒரு டீ குடிக்கலாம், ஆனால் வடையைக் கையில் தூக்கிக் காட்டாதீர்கள், அங்குள்ள குரங்குகளுக்குக் கல்யாண நாளெல்லாம் தெரியாது.

குன்னூரில் நீராவி என்ஜினைக் கழற்றி டீசல் மாட்டுவார்கள். நீராவி என்ஜின் விலகிப் போகுமுன் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. திரும்புவது

நண்பகல் வாக்கில் ஊட்டி. அன்றே பிற்பகல் 2 மணி ரயிலில் இறங்கலாம்தான், என் யோசனை வேண்டாம் என்பதே. ஏறியதையே உடனே இறங்கிப் பார்க்கும்போது பாதிப்பேர் தூங்கிவிடுகிறார்கள். ஓர் இரவு தங்கி, மறுநாள் கோத்தகிரி வழியாகப் பேருந்தில் இறங்குங்கள், அது வேறு மலைப்பாதை, வேறு காட்சி. கிளம்புமுன் ஊட்டியின் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கி வாங்கிக்கொள்ளுங்கள், மேலே பெரிய பாரம் வைத்தால் வீடு வருவதற்குள் தூளாகிவிடும்.