அப்பா அல்வாவை எங்கே தேடுவார்?

டவுன் சின்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வளர்ச்சி தாமதமாகும் நிலை) உள்ள குழந்தைக்கு அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்ளப் பழக்கும் முன், காதைப் பரிசோதித்துவிடுங்கள். இவர்களில் பலருக்கு நடுக்காதில் நீர் கோத்துச் செவித்திறன் குறைந்திருக்கும். கேள்வியே சரியாக விழாத பிள்ளையை ‘மந்தம்’ என்று ஒதுக்குவது அநியாயம்.

முதலில் கண்ணுக்குப் பழக்கம். அட்டையின் ஒரு பக்கம் நெல்லையப்பர் கோயில் தேர், மறுபக்கம் பஸ். நடுவில் அதை நிறுத்தி, டவுன் சின்ட்ரோம் உள்ள என் பேரனையும் அவன் தாத்தாவையும் எதிரெதிரே உட்காரவைத்தேன். “உனக்கு என்ன தெரிகிறது?” “தேர்.” “தாத்தாவுக்கு?” “தேர்.” உடனே திருத்தாதீர்கள். பிள்ளையை எழுப்பித் தாத்தா மடியில் உட்காரவையுங்கள். பஸ்ஸைப் பார்க்கட்டும். திரும்பி வந்ததும் மறுபடி கேளுங்கள். இவர்களுக்குக் கேட்டதை நினைவில் வைப்பதைவிடப் பார்த்ததை வைப்பது எளிது.

அடுத்தது விருப்பம். பேரனுக்கு அல்வா, சர்க்கரை நோயாளியான தாத்தாவுக்குக் காராச்சேவு. மாலைப் பலகாரத்தை அவனையே எடுத்துக் கொடுக்கச் சொன்னால் போதும்.

மூன்றாவதுதான் கடினம். அப்பா அல்வாவைச் சம்படத்தில் வைத்துவிட்டு ஜங்ஷனுக்குப் போகிறார். பிள்ளையும் நீங்களுமாக அதை ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். “அப்பா வந்ததும் முதலில் எங்கே தேடுவார்?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருப்பது என்னைப் போன்ற ஆச்சிகளுக்குப் பெரும்பாடு. பேச்சு வராவிட்டால் விரலால் காட்டட்டும். ஃப்ரிட்ஜைக் காட்டினாலும் ‘தப்பு’ என்று சொல்லாமல், அப்பா வரும்வரை பொறுத்திருங்கள். அவர் சம்படத்தைத் திறந்து திகைக்கும்போது, “அப்பா பார்த்தாரா? இல்லை. அதனால் அவருக்குத் தெரியாது” என்று சின்ன வாக்கியங்களாகச் சொல்லுங்கள். அப்பாவிடம் முன்கூட்டியே எதுவும் சொல்ல வேண்டாம். நடிப்பைப் பேரன் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறான்.

இந்தப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எட்டாது என்பவர்களுக்கு ஒரு தகவல். 1985இல் லண்டன் ஆய்வாளர்கள் ஆட்டிசம் பற்றிய ஆய்வொன்றில் பொம்மைகளை வைத்து இதே போன்ற கேள்வியைக் கேட்டார்கள். ஒப்பிடுவதற்காகச் சேர்க்கப்பட்ட டவுன் சின்ட்ரோம் உள்ள 14 பிள்ளைகளில் 12 பேர் சரியாகச் சொன்னார்கள். அவர்கள் சராசரியாகப் பத்து வயதைத் தாண்டியவர்கள் என்பதையும் மறக்காதீர்கள்; ஐந்து வயதில் அவசரப்படுத்த வேண்டாம்.

அல்வாவுக்கு மட்டும் சரியாகச் சொன்னால் அது மனப்பாடம். பொருளையும் ஆளையும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். எங்கள் வீட்டில் இப்போது தாத்தாவின் மூக்குக்கண்ணாடி இடம் மாறிக்கொண்டிருக்கிறது. அவருக்கு மட்டும் இந்த விளையாட்டு பிடிக்கவில்லை.