நாள் தள்ளிப்போனதும் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள்: மகப்பேறு நிதியும் சத்துமாவும் வாங்கும் வழி

"மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியில சொல்லிக்கலாம்." எங்கள் வீட்டிலும் இதுதான் வழக்கம். அக்கா மகள் முதல் பிள்ளை உண்டானபோது வாயே திறக்கவில்லை. ஐந்தாம் மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். விரலில் குத்திப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. மூன்றாம் மாதமே அரசிடமிருந்து கிடைக்கவேண்டிய ஊட்டச்சத்துப் பெட்டகம் அதுவரை அவளுக்குக் கிடைத்திருக்கவில்லை. இன்னொரு பெண்ணுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கான வழி இது.

முதல் படி: 12 வாரத்துக்குள் பதிவு

ஊருக்குச் சொல்வது எப்போது வேண்டுமானாலும் இருக்கட்டும். உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் மட்டும் உடனே சொல்லிவிடுங்கள். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், கையில் இருக்கும் கைபேசி எண் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பதிந்ததும் 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். பிக்மி எண் என்பார்கள். நிதி, பெட்டகம் எல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான் நகரும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதைக் கேட்பார்கள். தனியார் மருத்துவரிடம் காட்டுபவர்களும் பதிய வேண்டும். தாய்சேய் நல அட்டையின் முதல் பக்கத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பணம் எந்தக் கணக்குக்குப் போகும்?

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். நீங்கள் எந்தப் பாஸ்புக்கைக் கொடுத்தாலும், ஆதாரோடு கடைசியாக எந்த வங்கி இணைந்திருக்கிறதோ அங்கேதான் பணம் போய்ச்சேரும். அக்கா மகளுக்கு முதல் தவணை வரவேயில்லை என்று இரண்டு மாதம் அலைந்தோம். கடைசியில் பார்த்தால், பள்ளியில் உதவித்தொகைக்காகத் திறந்த பழைய கணக்கில் பணம் அப்படியே கிடந்தது. அந்தப் பாஸ்புக் அம்மா வீட்டுப் பரணில்! ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் வங்கியின் பெயர் தெரியும். முதலிலேயே பார்த்துவிட்டால் அலைச்சல் மிச்சம்.

மூன்றாம் படி: தவணைகள்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். 2018 முதல் இந்தத் தொகைதான். 14,000 பணமாக வரும். மீதி 4,000-க்கு இரண்டு பெட்டகங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள, 19 வயது நிறைந்த பெண்ணுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்குக் கிடைக்கும். ஒன்றிய அரசின் மகப்பேறு உதவியான மாத்ரு வந்தனா தொகையும் இதற்குள்ளேயே சேர்ந்திருக்கிறது, தனியாகத் தேடவேண்டாம்.

பணத்தை இப்போது மூன்று தவணையாகத் தருகிறார்கள். கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000, குழந்தைக்கு நான்கு மாதம் ஆனதும் 6,000, குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனதும் 2,000. பரிசோதனையும் தடுப்பூசியும் அட்டையில் ஏறியிருந்தால்தான் அடுத்த தவணை வரும். ஊசி போட்ட அன்றே பதிந்தார்களா என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

நான்காம் படி: பெட்டகம்

கர்ப்பத்தின் மூன்றாம் மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. ஊட்டச்சத்து மாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய் எல்லாம் இருக்கும். நெய்யும் பேரீச்சையும் வீட்டில் எல்லோர் தட்டுக்கும் போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். மாமியார்களே, இது உங்கள் மருமகளுக்கு வந்தது, அவள் சாப்பிடட்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு சேர்த்துப் போடவேண்டாம், சத்து உடம்பில் சரியாக ஏறாது. எலுமிச்சைச் சாறு குடித்தால் நன்றாக ஏறும்.

ஐந்தாம் படி: அங்கன்வாடி

நிதிக்குப் பதிந்தால் அங்கன்வாடியிலும் தானாகப் பெயர் ஏறிவிடும் என்று நினைக்காதீர்கள். பால்வாடி டீச்சரிடம் தனியாகப் போய்ப் பதிய வேண்டும். இப்போது முகத்தைப் படம்பிடித்துச் சரிபார்த்துத்தான் சத்துமாவு தருகிறார்கள், அதனால் நேரில் போங்கள். கர்ப்பிணிக்கும் பால்கொடுக்கும் தாய்க்கும் நாளுக்கு 600 கலோரி, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைக்கு 500 கலோரி என்பது அரசு அளவு. வளைகாப்பு முடிந்து அம்மா வீடு போகிறீர்களா? இரண்டு ஊர் டீச்சரிடமும் சொல்லிப் பதிவை மாற்றிக்கொள்ளுங்கள்.

மாவு பிடிக்கவில்லை என்று மாட்டுக்குக் கரைத்து ஊற்றும் வீடுகள் உண்டு. மனசு பதறும். வறுத்து அரைத்த மாவு அது, வெல்லமும் சேர்ந்தது. வெந்நீரை ஒரேயடியாக ஊற்றினால் கட்டி தட்டும். கையால் தெளித்துத் தெளித்துப் பிசறி, கொஞ்சம் தேங்காய்த்துருவல் போட்டுப் பிடி கொழுக்கட்டையாக இட்லிச் சட்டியில் பத்து நிமிடம் வேகவையுங்கள். ஏழு மாதப் பிள்ளைக்கென்றால் கெட்டிக் கஞ்சியாகக் காய்ச்சி, கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக வழுகி விழும் பதத்தில் கொடுங்கள். தண்ணீராக இருந்தால் வயிறுதான் நிறையும்.

மாதாமாதம் எடை போடச் சொல்லுங்கள். கைப்பட்டையால் பிள்ளையின் மேற்கையை அளக்கும்போது 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பில் நின்றால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு; அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஏதாவது தவணை தாமதமானாலோ, பதிவதில் சிக்கல் வந்தாலோ பிக்மி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அரசு சுகாதார உதவி எண்ணான 104-க்குப் போன் செய்யுங்கள்.