இஞ்ஞாசியார் வழியில் ஆன்ம சோதனை செய்வது எப்படி

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரைத் தெரிந்துகொள்ள அவருடைய வரலாற்றைப் படிக்கலாம், தப்பில்லை. ஆனால் அவர் தன் சபையாருக்கு நாளுக்கு இரண்டு முறை என்று விதித்த ஆன்ம சோதனையை, அதாவது கடவுள் முன் உட்கார்ந்து அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பதை, ஒரு வாரம் செய்து பாருங்கள், ஆள் இன்னும் நன்றாகப் பிடிபடுவார். கால் மணி நேரம் போதும்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். 1521 மே 20 அன்று ஸ்பெயினில் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் முறிந்தது. எலும்பு சரியாகக் கூடாமல் முழங்காலுக்குக் கீழே துருத்திக்கொண்டு நிற்க, இறுக்கமான பூட்ஸ் போட முடியாதே என்று அதை அறுத்தெடுக்கச் சொன்ன மனிதர் இவர், அதுவும் மயக்க மருந்து இல்லாத காலத்தில்! படுக்கையில் படிக்க வீரக் கதைகள் கேட்டார். லொயோலாவில் அவர் குடும்ப வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். ஒரு சீமாட்டியைக் கவர்வது பற்றி மணிக்கணக்கில் கனவு கண்டால் அப்போதைக்கு இனித்தது, பிறகு மனம் வறண்டது. எருசலேமுக்கு வெறுங்காலோடு போவதாக நினைத்தால் நினைப்பு முடிந்த பிறகும் சந்தோஷம் தங்கியது. இந்த வித்தியாசத்தைக் கவனித்ததுதான் அவருடைய எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

சரி, செய்முறை. உட்கார்ந்ததும் பாவக் கணக்கைத் திறக்காதீர்கள். பெற்றதற்கு நன்றி சொல்வதைத்தான் அவர் முதலில் வைக்கிறார். அப்புறம் உங்களை உள்ளபடி பார்க்க வெளிச்சம் கேளுங்கள். அடுத்து எழுந்த நேரத்திலிருந்து மணி மணியாக வாருங்கள், நினைத்தது, பேசியது, செய்தது என்ற வரிசையில். எது இனித்துவிட்டு வறண்டது, எது தங்கியது என்று அந்தப் படுக்கைக் கேள்வியையும் இங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் தப்பை மட்டும் தேடினால் பாதி நாள் கண்ணில் படாமலே போய்விடும். பிறகு மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம், ஒரு 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே'. அவ்வளவுதான்.

ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறதா? அதற்குத் தனிச் சோதனை என்று ஒன்று சொல்கிறார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான். கோபம் என்று வையுங்கள். காலையில் எழுந்ததும் இன்று கோபத்தைக் கவனிப்பேன் என்று முடிவெடுங்கள். கோபம் வரும்போதெல்லாம் நெஞ்சில் கை வையுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தாலும் தெரியாது என்று அவரே சொல்கிறார். நோட்டில் ஒரு நாளுக்கு இரண்டு கோடு போட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்கோட்டிலும் இரவு கீழ்கோட்டிலும் கோபத்தில் விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வையுங்கள். கோட்டோடு கோட்டை, நாளோடு நாளை, வாரத்தோடு வாரத்தை ஒப்பிடுங்கள்.

1540இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற இயேசு சபைக்கு, மற்றத் துறவியரைப் போலக் கூடிப் பாடும் செபத்தை அவர் வைக்கவில்லை. சவேரியாரைப் போல எந்த நேரமும் எங்கேயும் அனுப்பப்பட வேண்டியவர்கள். அவர்களோடு கப்பலில் மடமா வரும்? இந்தச் சோதனை கூடவே போகும். 1556இல் அவர் இறந்தபோது சபையில் ஏறக்குறைய ஆயிரம் பேர். பிற்காலத்தில் வீரமாமுனிவர் தமிழுக்கு வந்ததும் இந்தச் சபையிலிருந்துதான்.

ஒரு எச்சரிக்கை. குருவிடம் அறிக்கையிட்டுச் சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பக் கிளறும் ஆளாக நீங்கள் இருந்தால் தனிச் சோதனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கால் குணமான பிறகு தங்கிய மான்ரேசா ஊரில் இஞ்ஞாசியாரே அப்படித் தவித்து, உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போனார். மிகத் தெளிவானதைத் தவிரப் பழையதைச் சொல்ல வேண்டாம் என்றார் அவருடைய ஆன்ம குரு. இவருக்கோ எல்லாமே தெளிவாகத் தெரிந்தது! கடைசியில் பழையதை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்துத்தான் மீண்டார். அந்த நிலை வந்தால் நன்றி சொல்லும் பகுதியோடு நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒரு குருவிடம் பேசுங்கள்.