கடைத்தெருவுக்காக மனு எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகள்

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவின் வரி 50 விழுக்காடு ஆனது. திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர் குறைந்தால் பவர் டேபிள் தையல் இயந்திரம் வைத்துக் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்கிறவருக்கும், தொழிலாளர் சாப்பிடும் மெஸ்ஸுக்கும், பக்கத்து மளிகைக் கடைக்கும் வரவு குறையும். இப்படிப்பட்ட ஆண்டில்தான் ஊர்ச் சங்கங்கள் அதிகமாக மனு எழுதுகின்றன. அவற்றில் பல, எழுதும்போதே தோற்றுவிடுகின்றன.

"சிறு தொழிலைக் காப்பாற்றுங்கள்" என்று கேட்பது முதல் தவறு. அதை வாங்கி வைக்க முடியுமே தவிர, அதன் மேல் உத்தரவு போட முடியாது. அதே ஆகஸ்டில் 19ஆம் தேதி முதல் பருத்தி இறக்குமதி மீதான 11 விழுக்காடு வரி தற்காலிகமாக நீக்கப்பட்டது. ஜவுளித் துறை நெடுநாளாகக் கேட்டுவந்தது அது. எந்த வரி, எத்தனை விழுக்காடு, யார் கையில் இருக்கிறது என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் அடங்கிய கோரிக்கை. உங்கள் மனுவிலும் அப்படி ஒன்றோ இரண்டோ இருந்தால் போதும். பதினான்கு கோரிக்கை வைத்தால், எளிதானதை ஒன்று நிறைவேற்றிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்.

<b>கதவு மாறித் தட்டுவது</b>

ஜிஎஸ்டி பற்றி நகராட்சி ஆணையரிடம் மனு கொடுத்துப் பயன் இல்லை. ஜிஎஸ்டி கவுன்சிலில் உட்காரும் மாநில நிதியமைச்சருக்குப் போக வேண்டும். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெறாதவரிடம் கடை வாடகைக்கு எடுத்த பதிவு பெற்ற வணிகர் வாடகைக்கு 18 விழுக்காடு வரியைத் தானே கட்ட வேண்டிவந்தது. இணக்க வரித் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு விழுக்காட்டை வரியாகக் கட்டும் சிறு வணிகர் திட்டம்) இருப்பவர்களால் அதை வரவு வைத்துக் கழிக்க முடியாது, முழுச் சுமையும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. அவர்களுக்கு விலக்கு கொடுக்க டிசம்பர் 21 கூட்டத்தில் கவுன்சில் பரிந்துரைத்தது.

மின்கட்டணத்தை முடிவு செய்வது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கருத்துக்கேட்புக் கூட்டத்திலேயே எழுத்தில் ஆட்சேபம் பதிவாக வேண்டும். உத்தரவு வந்த பிறகு கொடி பிடித்தால் காலம் கடந்திருக்கும். கடன் மறுக்கப்பட்டால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர். நகராட்சிக் கடை வாடகை, சொத்து வரி, வாகன நிறுத்தம் போன்றவைதான் உள்ளாட்சியின் வேலை.

<b>கணக்கில்லாத புலம்பல்</b>

"வியாபாரம் பாதியாகிவிட்டது" என்று எல்லாரும் சொல்கிறார்கள், அதிகாரியும் பழகிவிட்டார். ஒரு பக்கப் படிவம் ஒன்று போதும். முப்பது நாற்பது கடைகளில், ஒரே வாரத்தில், நான்கு கேள்வி: போன ஆண்டு இதே காலத்தோடு ஒப்பிட்டால் விற்பனை எத்தனை விழுக்காடு, வேலையாட்கள் எத்தனை பேர் குறைந்தார்கள், மின்சாரம் எத்தனை யூனிட் குறைந்தது, வெளியே நிற்கும் பாக்கி எத்தனை நாள். யூனிட் கணக்கு பில்லிலேயே இருப்பதால் அதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

விற்பனைத் தொகையைக் கேட்காதீர்கள். வரித்துறைக்குப் போய்விடுமோ என்று கடைக்காரர் பயப்படுவார், தப்பாகச் சொல்வார். விழுக்காடு மட்டும் வாங்குங்கள். படிவத்தில் கடைப் பெயருக்குப் பதில் எண் போடுங்கள்.

மாதத்தை மாதத்தோடு ஒப்பிடும்போது பண்டிகை காலை வாரிவிடும். 2024இல் தீபாவளி அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. அக்டோபரை அக்டோபரோடு வைத்தால் 2025இல் பண்டிகைக்குப் பிந்தைய மந்தமான நாட்கள் கூடுதலாகச் சேர்ந்து, இல்லாத சரிவு தெரியும். தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தை, அதே ஆறு வாரத்தோடு ஒப்பிடுங்கள். சராசரியும் ஏமாற்றும்: ஒரு பெரிய நகைக்கடை நாற்பது சிறு கடைகளின் கணக்கைப் புரட்டிவிடும். எல்லா விழுக்காட்டையும் ஏறுவரிசையில் எழுதி, நடுவில் நிற்பதைச் சொல்லுங்கள்.

<b>வணிகரையும் உற்பத்தியாளரையும் ஒன்றாகக் கட்டுவது</b>

அதிகம் சேதம் செய்யும் தவறு இதுதான். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 5.5 என்றால் ஆண்டுக்கு 16.5 விழுக்காடு, ஒரு லட்சம் பாக்கிக்கு முதல் மாதம் 1,375 ரூபாய்.

ஆனால் சரக்கை வாங்கி விற்கும் மொத்த, சில்லறை வணிகர்களுக்கு இது பொருந்தாது. 2021 ஜூலையில் அவர்களை உத்யம் பதிவில் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) சேர்த்தது முன்னுரிமைக் கடன் பெறுவதற்காக மட்டும். நடுத்தர நிறுவனங்களுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. இதைப் பார்க்காமல் எல்லாருடைய பாக்கியையும் ஒரே பட்டியலாகக் கொடுத்தால், பணம் தர வேண்டிய நிறுவனம் அதிலுள்ள வணிகர் பெயர்களைக் காட்டி மொத்தப் பட்டியலையும் கேள்விக்குள்ளாக்கும். பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்.

உத்யம் பதிவு இலவசம். சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும். பிறகு பதிவு செய்தால் வழக்கில் அதுவே முதல் தகராறாகும். பில், டெலிவரி சலான், சரக்கு பெற்றதற்கான கையெழுத்து மூன்றையும் கோத்து வைக்கச் சொல்லுங்கள். தனி ஆள் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடும். அதனால் முதலில் சங்கத்தின் பெயரில், வாங்கும் நிறுவனத்துக்கு ஒரு கடிதம்: மொத்த பாக்கி எவ்வளவு, எத்தனை நாள் கடந்துவிட்டது. 2024 ஏப்ரலில் 43பி(எச்) பிரிவாக நடைமுறைக்கு வந்த வருமான வரி விதியையும் அதில் குறிப்பிடலாம். கெடுவுக்குள் தராத தொகையை, தரும் ஆண்டில்தான் வருமான வரிச் செலவாகக் காட்ட முடியும். அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு இது உடனே புரியும். அசையவில்லை என்றால், தாமதப் பாக்கிக்கான மத்திய அரசின் இணையத் தளத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரில் மனு போட வேண்டும்.

<b>நடைபாதைக் கடைக்காரரை எதிரியாக்குவது</b>

மந்தமான ஆண்டில் "தள்ளுவண்டிகளை அகற்றுங்கள்" என்ற கோரிக்கை கண்டிப்பாக எழும். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. அந்தக் கோரிக்கை சட்டத்தில் போய் முட்டி நிற்கும், உங்கள் மற்ற கோரிக்கைகளும் அதோடு தேங்கும். பூ, காய் வாங்க வருகிறவர்தான் உங்கள் கடைக்குள்ளும் வருகிறார். அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் தெருவோர வியாபாரிகளுக்குக் குறைந்தது 40 விழுக்காடு இடம் உண்டு. தெருவிளக்கு, கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம் என்று இருவருக்கும் வேண்டியதைச் சேர்ந்து கேட்பது அறிவுள்ள வழி, நியாயமும்கூட.

கடையடைப்பை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள். ஒரு நாள் வரவை இழப்பது நாம் காப்பாற்ற நினைக்கும் கடைகள்தான். பூவும் கீரையும் மறுநாள் குப்பைக்குப் போகும்.

மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால், பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள்: எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து கோப்பு இருக்கிறது? மேடையில் அமைச்சர் ஒப்புக்கொண்டார் என்பதோடு நிறுத்திவிடுவதும் தவறு. உத்தரவின் எண், தேதி, நடைமுறைக்கு வரும் நாள், யாருக்குப் பொருந்தும் என்பதை ஒரு தாளில் அச்சிட்டு, கணக்கு எழுதுகிறவர் மேசை வரை கொண்டுபோய்க் கொடுங்கள்.