இட்லிப்பூ மஞ்சளடிக்கிறதா? தண்ணீரைப் பாருங்கள்

நர்சரியில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்த இட்லிப்பூ (வெட்சி), சென்னை மாடிக்கு வந்த சில மாதங்களில் வெளுத்துப்போகும். உரம் போதவில்லை என்று இன்னும் கொட்டுவோம். பெரும்பாலும் கோளாறு போர் தண்ணீரில்தான்.

12 அங்குலத் தொட்டி போதும். அடியில் மூன்று ஓட்டையாவது இருக்கட்டும். செம்மண் 2 பங்கு, அலசிப் பிழிந்த தேங்காய் நார்த்தூள் 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. சிமென்ட் துகள் கலந்த மண் ஆகாது. இந்தச் செடி கேட்பது லேசான அமில மண், பி.எச். 5.5 முதல் 6.5 வரை. முட்டை ஓடும் சாம்பலும் அதைக் கெடுக்கும், ரோஜாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நட்டபின் ஒரு வாரம் நிழல், பிறகு தினம் 5 மணி நேர வெயில். அக்னி நட்சத்திரத்தில் மட்டும் மதியத்துக்கு மேல் நிழல் வேண்டும்.

இப்போது இலையைக் கிட்டே வைத்துப் பாருங்கள். அடி இலைகள் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். நுனித் தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தாலும் உப்பான போர் தண்ணீரின் சுண்ணாம்பு வேரை எடுக்க விடாது. பழைய இலையிலிருந்து தளிருக்கும் இரும்பு நகராது.

நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கேளுங்கள். பச்சை நிறக் கட்டியாக இருக்க வேண்டும், துருநிறமானால் வீண். 1 லிட்டர் நல்ல தண்ணீரில் முதலில் அரை எலுமிச்சம்பழச் சாறு, பிறகு 2 கிராம் அன்னபேதி. வடிகட்டி, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். பூவிலும் தரையிலும் பட்டால் கறை. 15 நாள் கழித்து இன்னொரு முறை. வெளுத்த இலை முழுதாகத் தேறாவிட்டாலும் அடுத்த தளிர் பச்சையாக வரும்.

ஆனால் தண்ணீரை மாற்றாவிட்டால் திரும்ப வெளுக்கும். ஆர்.ஓ. கழிவு நீர் போர் தண்ணீரை விட மோசம். ஏசியிலிருந்து சொட்டுவதைப் பக்கெட்டில் பிடியுங்கள், அதில் உப்பே கிடையாது என்று சொல்லலாம்.

கொத்து வாடியதும் அதற்குக் கீழே ஒரு ஜோடி இலையோடு வெட்டுங்கள். பூப்பது புதுக் கிளையின் நுனியில்தான். எறும்பு ஏறினால் இலையடியில் மாவுப்பூச்சியைத் தேடுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல். ஐப்பசி மழை பிடித்ததும் தொட்டியடித் தட்டை எடுத்துவிடுங்கள், நின்ற நீரில் வேர் அழுகும்.